சந்தியை எழுதி வையுங்கள்: மாற்று ஸ்பிளைசிங் தரவுத்தளம் பற்றி வாசகர் கேள்விகள்

ஒரே மரபணுவிலிருந்து பல ஆர்என்ஏ வடிவங்கள் பிறப்பதைப் பதிவு செய்யும் தரவுத்தளம் கட்டுவது பற்றி, மாணவர்களும் ஆய்வகங்களில் கணினி வேலை பார்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒன்றுபோல் வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக மாற்று ஸ்பிளைசிங் தரவுத்தளம் ஒன்று உருவாக்குகிறேன். முதன்மை அட்டவணையில் எதை வைப்பது? முழு டிரான்ஸ்கிரிப்டையா (ஒரு முழு ஆர்என்ஏ வடிவம்), "எக்ஸான் விடுபட்டது" போன்ற நிகழ்வுகளையா?

பதில்: இரண்டையும் வேண்டாம். சந்தியை வையுங்கள்.

மரபணுவில் புரதத்துக்கான செய்தி ஒரே நீளத்தில் இருப்பதில்லை, இடையிடையே வெட்டி எறியப்படும் பகுதிகள் உண்டு என்பது 1977-இல் அடினோ வைரஸ் ஆய்வில் தெரிய வந்தது. ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். வெட்டப்படுவது இன்ட்ரான், மிஞ்சி ஒட்டுவது எக்ஸான். எந்த எக்ஸான் எதோடு ஒட்டும் என்பது திசுவுக்குத் திசு மாறினால் அது மாற்று ஸ்பிளைசிங். பல எக்ஸான்கள் கொண்ட மனித மரபணுக்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இது நடக்கிறது. இரண்டு எக்ஸான்கள் ஒட்டும் இடத்தை இங்கே சந்தி என்போம். இலக்கணத்துச் சந்தியை நினைத்துக்கொண்டால் போதும்: இரண்டு சொல் சேரும் இடம், சேரும்போது நடுவே ஏதோ கெட்டுப்போகும் இடம்.

சந்தி ஏன் முதன்மை? வரிசையறி எந்திரம் தருவது 100 அல்லது 150 எழுத்து நீளமுள்ள ரீடுகளை, அதாவது படித்த சிறு துண்டுகளை. ஆயிரக்கணக்கான எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏவின் முழு உருவம் அதில் தெரியாது. தெரிவதெல்லாம் ஒன்றுதான்: இந்த ரீடு இந்த இடத்தில் ஒரு எக்ஸானை விட்டு, அந்த இடத்தில் இன்னொன்றில் ஏறியிருக்கிறது. எந்திரம் கண்டது அவ்வளவே. முழு டிரான்ஸ்கிரிப்ட் என்பது அதிலிருந்து மென்பொருள் ஊகித்தது. "நிகழ்வு" என்பது மரபணு, எக்ஸான் எல்லைகளைப் பட்டியலிடும் குறிப்புரைக் கோப்பைப் பார்த்து நாம் வைத்த பெயர். ஊகிக்கும் மென்பொருள் நாளை மாறும், குறிப்புரைப் பதிப்பும் மாறும். இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு வெட்டு நடந்தது என்ற தகவல் மாறாது. அதைக் கீழே வைத்து மற்றதை மேலே அடுக்கினால், மேல்தளத்தை எப்போது வேண்டுமானாலும் இடித்துக் கட்டலாம்.

அட்டவணைகள் ஐந்து போதும். முதலாவது சந்தி: ஜீனோம் பதிப்பு, குரோமோசோம், இன்ட்ரானின் தொடக்கம், முடிவு, இழை (டிஎன்ஏவின் பிளஸ், மைனஸ் இரண்டில் எது) ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் தனித்திறவுகோல். தானாக ஏறும் வரிசை எண்ணை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியில் காட்டாதீர்கள். தரவுத்தளத்தை மறுபடி கட்டும்போது அந்த எண்கள் எல்லாம் இடம் மாறிவிடும். இரண்டாவது மாதிரி: திசு, நூலகம் (வரிசையறியத் தயாரித்த தொகுப்பு) பாலி-ஏ வால் உள்ள ஆர்என்ஏவைத் தேர்ந்ததா ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கியதா, ரீடு நீளம், இழை காக்கப்பட்டதா, மொத்த ரீடுகள், ஆர்என்ஏ தரக்குறியீடு, ரீடுகளை ஜீனோமில் பொருத்தும் மென்பொருளின் பதிப்பு. மூன்றாவது எண்ணிக்கை: எந்த மாதிரியில் எந்தச் சந்திக்கு எத்தனை ரீடு. நான்காவது குறிப்புரை: இந்தச் சந்தி ஜென்கோட் குறிப்புரைத் தொகுப்பின் எந்தப் பதிப்பில் உண்டு, ரெஃப்சீக் தொகுப்பில் உண்டா. ஐந்தாவது நிகழ்வு: மேற்சொன்னவற்றிலிருந்து கணக்கிட்டு நிரப்புவது. சந்தேகம் வந்தால் மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி நிரப்பலாம்.

மாதிரி அட்டவணையில் பலர் சோம்பல் படுகிறார்கள். திசுப் பெயரை "மூளை", "மூளை-முன்", "முன்மூளை" என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்துவிட்டால் பிறகு எந்த வினவலும் சரியாக வராது. உபெரான் போன்ற ஒழுங்கான உடற்கூற்றுச் சொல்தொகுதியின் எண்ணை முதல் நாளிலிருந்தே போடுங்கள்.

கேள்வி: ஒரே இன்ட்ரான் எங்கள் தரவுத்தளத்தில் இரண்டு முறை வருகிறது, ஓர் எண் மட்டும் தள்ளி. எங்கே பிழை?

பதில்: இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். எண்ணும் முறை கோப்புக்குக் கோப்பு வேறு. குறிப்புரை வரும் ஜிடிஎஃப் கோப்பு 1-இலிருந்து எண்ணும், முடிவெண்ணும் உள்ளடங்கும். ஜீனோம் இடங்களைப் பட்டியலிடும் பெட் கோப்பு 0-இலிருந்து எண்ணும், முடிவெண் உள்ளடங்காது. ரீடுகளைப் பொருத்தும் ஸ்டார் மென்பொருள் தரும் சந்திக் கோப்பில் இன்ட்ரானின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் 1-இலிருந்து எண்ணப்பட்டிருக்கும். நிகழ்வுகளைக் கணக்கிடும் ஆர்மேட்ஸ் மென்பொருளின் விடையில் எக்ஸானின் தொடக்கம் 0-இலிருந்து. அந்தப் பத்தியின் (நெடுவரிசையின்) பெயரிலேயே அது எழுதியிருக்கிறது, இருந்தும் பலர் கவனிப்பதில்லை.

ஒரு கற்பனை மரபணுவை எடுத்துக்கொள்வோம். பிளஸ் இழை, மூன்று எக்ஸான்கள். ஜிடிஎஃப் முறையில் அவை 1001–1200, 2001–2090, 3001–3150. முதல் இன்ட்ரான் 1201–2000, இரண்டாவது 2091–3000. நடு எக்ஸான் விடுபட்டால் இன்ட்ரான் 1201–3000. இதையே பெட் முறையில் எழுதினால் 1200–2000, 2090–3000, 1200–3000. முடிவெண் இரண்டிலும் ஒன்றுதான், தொடக்கம் மட்டும் ஒன்று குறையும். அதனால்தான் பிழை கண்ணில் படுவதில்லை. ஒரு மென்பொருள் 1201 என்கிறது, இன்னொன்று 1200 என்கிறது, இரண்டையும் அப்படியே ஏற்றினால் உங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எல்லா இன்ட்ரான்களுக்கும் ஜீனோமிலிருந்து முதல் இரண்டு எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் எடுத்துப் பட்டியல் போடுங்கள். குறிப்புரையில் உள்ள மனித இன்ட்ரான்களில் சுமார் 99 விழுக்காடு ஜிடி-யில் தொடங்கி ஏஜி-யில் முடியும். மிச்சத்தில் பெரும்பகுதி ஜிசி–ஏஜி, மிகச் சில ஏடி–ஏசி. உங்கள் பட்டியலில் அந்த 99 வரவில்லை என்றால் எண்கள் நகர்ந்திருக்கின்றன. எந்தப் பக்கம் என்பதையும் பட்டியலே சொல்லிவிடும். முகப்பில் ஜிஜி-யும் முடிவில் சிஏ-யும் குவிந்தால் எல்லாம் ஓர் எழுத்து இடப்பக்கம் போயிருக்கிறது, ஏனென்றால் எக்ஸானின் கடைசி எழுத்து பெரும்பாலும் ஜி, இன்ட்ரான் முடிவு பெரும்பாலும் சிஏஜி. முகப்பில் டிஏ, முடிவில் ஜிஜி என்றால் வலப்பக்கம் போயிருக்கிறது. முகப்பு மட்டும் கெட்டு முடிவு சரியாக இருந்தால், பெட் எண்ணை ஜிடிஎஃப் எண்ணாக எடுத்திருக்கிறீர்கள். இந்தச் சோதனையைத் தரவேற்றும் நிரலிலேயே பூட்டி வையுங்கள்: 95-க்குக் கீழே போனால் ஏற்றம் நிற்க வேண்டும்.

மைனஸ் இழையில் இதே இன்ட்ரான் ஜீனோம் வரிசையில் சிடி-யில் தொடங்கி ஏசி-யில் முடிவதாகத் தெரியும். பயப்பட வேண்டாம், எதிரிழையாக்கிப் படித்தால் அது ஜிடி–ஏஜி-தான். சேமிக்கும்போது எந்த இழையானாலும் சிறிய எண் தொடக்கம், பெரிய எண் முடிவு. இழைக்குத் தனிப் பத்தி. "மைனஸ் என்பதால் திருப்பி எழுதினேன்" என்று யாராவது சொன்னால் அந்தக் கோப்பை ஏற்றாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். முதல் எக்ஸானின் கடைசி எழுத்து ஜி, இன்ட்ரானின் கடைசி எழுத்தும் ஜி. அப்படியானால் 1201–2000 என்று வெட்டினாலும் 1200–1999 என்று வெட்டினாலும் ஒட்டியபின் வரும் வரிசை ஒன்றேதான். ரீடை மட்டும் பார்த்து எது என்று சொல்லவே முடியாது. பொருத்து மென்பொருள் ஜிடி–ஏஜி அமையும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. எந்த நகர்த்தலிலும் அந்த அமைப்பு வராத சந்திகளுக்கு, சாத்தியமானவற்றில் இடக்கோடியில் இருப்பதை எழுதுவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். விதி எதுவாக இருந்தாலும் எல்லாக் கோப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குரோமோசோமுக்கு ஒருவர் "சிஎச்ஆர்1" என்பார், ஒருவர் வெறும் "1" என்பார். தரவேற்றும் வாசலிலேயே ஒன்றாக்கிவிடுங்கள். ஜீனோம் பதிப்பு 37-இல் உள்ள எண்களை 38-க்கு மாற்ற நேர்ந்தால், இன்ட்ரானின் இரு முனைகளையும் தனித்தனியே மாற்றி, நீளம் மாறாமல் இருக்கிறதா, ஜிடி–ஏஜி கெடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூல ரீடுகள் கையில் இருந்தால் மாற்றுவதைவிடப் புதிதாகப் பொருத்துவதே மேல்.

கேள்வி: எக்ஸான் சேர்க்கை விகிதத்தை (அந்த எக்ஸான் சேர்ந்த ஆர்என்ஏவின் பங்கு) நான் 0.8 என்கிறேன், நண்பர் அதே தரவில் 0.67 என்கிறார். யார் சரி?

பதில்: நண்பர்தான். மேலே சொன்ன கற்பனை மரபணுவில் 1201–2000 சந்திக்கு 60 ரீடு, 2091–3000 சந்திக்கு 40 ரீடு, தாண்டிப்போகும் 1201–3000 சந்திக்கு 25 ரீடு என்று வையுங்கள். நீங்கள் 60-ஐயும் 40-ஐயும் கூட்டி 100 ஆக்கி, 125-ஆல் வகுத்தீர்கள். எக்ஸான் சேர்ந்தால் சந்தி இரண்டு, விடுபட்டால் ஒன்று. ஆக சேர்ந்த பக்கத்துக்கு ரீடு கிடைக்கும் வாய்ப்பே இரு மடங்கு. சராசரி எடுக்க வேண்டும்: 50. பிறகு 50 வகுத்தல் 75, அதாவது 0.67. 60-க்கும் 40-க்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் அதையும் கவனியுங்கள். 60-க்கு எதிரே 3 என்று வந்தால் அது எளிய எக்ஸான் விடுபாடு அல்ல, அங்கே வேறொரு வெட்டு ஒளிந்திருக்கிறது.

விகிதத்தை மட்டும் சேமிக்கும் பழக்கம் கெட்டது. 10-இல் 8 என்றாலும் 0.8, 100-இல் 80 என்றாலும் 0.8. வில்சன் முறையில் 95 விழுக்காட்டு இடைவெளி போட்டால் முதலாவது 0.49 முதல் 0.94 வரை, இரண்டாவது 0.71 முதல் 0.87 வரை. முதலாவதை வைத்து "மூளையில் அதிகம், ஈரலில் குறைவு" என்று எழுதினால் அது தரவின் பேச்சல்ல, நம் ஆசையின் பேச்சு. எண்ணிக்கைகளைச் சேமியுங்கள், விகிதத்தைக் கேட்கும்போது கணக்கிட்டுக் கொடுங்கள்.

இதைவிட மோசமானது வெற்றிடத்தில் 0 போடுவது. அந்தத் திசுவில் மரபணுவே இயங்கவில்லை என்றால் விகிதம் 0 அல்ல. விகிதம் என்று ஒன்றே இல்லை. 0 என்று எழுதினால் "எக்ஸான் முழுக்க விடுபடுகிறது" என்று பொருளாகிவிடும். சேர்க்கையும் விடுபாடும் கூட்டி 10 ரீடுகூட இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

கேள்வி: மாதிரிகள் கூடக்கூடப் புதுச் சந்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. எவை பொய்?

பதில்: வந்துகொண்டேதான் இருக்கும். தெரிந்த சந்திகள் சீக்கிரமே முழுதாகக் கிடைத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு புது மாதிரியும் கொண்டுவருவது பெரும்பாலும் ஓரிரு ரீடு மட்டுமே ஆதாரம் உள்ள அபூர்வங்களை. அவற்றில் சில உண்மை, சில செல்லுக்குள் ஆர்என்ஏவை வெட்டும் எந்திரத்தின் சறுக்கல், மற்றவை நம் கருவிகள் உண்டாக்கிய மாயை.

மாயை வரும் வழிகள் தெரிந்தவையே. ரீடின் ஓரத்தில் நாலைந்து எழுத்து மட்டும் அடுத்த எக்ஸானில் ஏறியிருந்தால் அது எங்கு வேண்டுமானாலும் பொருந்திவிடும். புதுச் சந்திக்கு இரு பக்கமும் குறைந்தது 8 எழுத்தாவது ஏறியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் பிசிஆர் பெருக்கலில் ஒரே துண்டு பலவாகி வரும். இங்கே மொத்த எண்ணிக்கையைவிட ரீடுகள் எத்தனை வேறுவேறு இடங்களில் தொடங்குகின்றன என்பதுதான் முக்கியம். 100 எழுத்து ரீடில் இரு பக்கமும் 8 வேண்டுமென்றால் சந்தி அமையக்கூடிய இடங்கள் 85. 12 ரீடுகளும் ஒரே இடத்தில் தொடங்கினால் அது ஒரு சாட்சி, பன்னிரண்டு அல்ல. ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் பின்திருப்பு நொதி ஒரு மூல ஆர்என்ஏவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதாலும் போலிச் சந்தி பிறக்கும். அதன் அடையாளம், வெட்டின் இரு முனையிலும் ஒரே சிறு வரிசை திரும்ப வருவதும் ஜிடி–ஏஜி இல்லாததும்.

ஸ்டார் பயனர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். அதன் சந்திக் கோப்பு ஏற்கெனவே வடிகட்டப்பட்டது. புதிய சந்தி என்றால், இயல்புநிலை அமைப்பில் ஜிடி–ஏஜி-க்கு 12 எழுத்தும் வழக்கமற்ற முனைகளுக்கு 30 எழுத்தும் ஓரத்தில் ஏறியிருக்க வேண்டும். இது தெரியாமல் "எங்கள் தரவில் வழக்கமற்ற சந்திகள் மிகக் குறைவு" என்று எழுதுபவர்கள் உண்டு. அடுத்தது, இரண்டு சுற்று முறையில் ஓட்டினால் முதல் சுற்றில் கண்ட புதுச் சந்திகளும் ஆறாவது பத்தியில் "குறிப்புரையில் உள்ளவை" என்றே முத்திரை பெறும். அந்தப் பத்தியை நம்பாமல், உங்கள் ஜிடிஎஃப் கோப்போடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எதையும் அழிக்காதீர்கள், தரம் குறியுங்கள். குறிப்புரையில் இருப்பது முதல் தரம். இல்லாவிட்டாலும் இரண்டுக்கு மேற்பட்ட மாதிரிகளில், பல தொடக்க இடங்களோடு, ஜிடி–ஏஜி முனையோடு வருவது இரண்டாம் தரம். மிச்சம் மூன்றாம் தரம். அதை வினவலில் இயல்பாகக் காட்ட வேண்டாம். ஓர் அபூர்வ நோயாளியின் மாதிரி வரும் நாளில் அந்த மூன்றாம் தரமே தேவைப்படலாம்.

கேள்வி: முதுகெலும்புத் தசைச் சிதைவு நோயில் வரும் எஸ்எம்என்2 மரபணுவைத் தேடினால் 7-ஆவது எக்ஸான் பெரும்பாலும் சேர்வதாகக் காட்டுகிறது. பாடநூலில் விடுபடுவதாகப் படித்தோமே?

பதில்: பாடநூல் சரி. கோளாறு எண்ணும் முறையில். எஸ்எம்என்1, எஸ்எம்என்2 இரண்டும் ஏறத்தாழ அச்சுப் பிரதிகள். 54 எழுத்து நீளமுள்ள 7-ஆவது எக்ஸானின் 6-ஆவது எழுத்து முதலாவதில் சி, இரண்டாவதில் டி. அந்த ஓர் எழுத்தால்தான் எஸ்எம்என்2-இல் எக்ஸான் பெரும்பாலும் விடுபடுகிறது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சன் மருந்து அதைத்தான் திருப்புகிறது.

இப்போது ரீடுகளைப் பாருங்கள். 6-இலிருந்து 7-க்குப் போகும் ரீடு ஆறு எழுத்து உள்ளே போனதும் அந்த சி/டி இடத்தைத் தொட்டுவிடும், எந்தப் பிரதி என்று தெரிந்துவிடும், "தனித்துப் பொருந்தியது" என்ற கணக்கில் ஏறும். 6-இலிருந்து நேரே 8-க்குத் தாவும் ரீடில் அந்த எழுத்தே இல்லை. இரு பிரதிகளுக்கும் சமமாகப் பொருந்துவதால் பெரும்பாலும் "பல இடத்தில் பொருந்தியது" என்று ஒதுக்கப்படும். சேர்க்கைக்கு மட்டும் சாட்சி எண்ணி, விடுபாட்டின் சாட்சிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் விகிதம் ஏறத்தானே செய்யும்?

எனவே தனித்துப் பொருந்தியதற்கு ஒரு பத்தி, பல இடத்தில் பொருந்தியதற்கு ஒரு பத்தி என்று இரண்டையும் வையுங்கள். இரண்டாவது முதலாவதைவிடப் பெரியதாக இருக்கும் மரபணுப் பக்கங்களில் ஓர் எச்சரிக்கை வரி தானாக வரும்படி செய்யுங்கள். இரட்டைப் பிரதி மரபணுக்கள் எல்லாவற்றிலும் இந்த ஓரவஞ்சனை உண்டு. இன்ட்ரான் இல்லாத போலி மரபணுப் பிரதி வேறெங்காவது இருந்தாலும் தொல்லைதான்: சந்தியைத் தாண்டும் ரீடு அங்கே வெட்டில்லாமல் நேராகப் போய்ப் பொருந்திக்கொள்ளும்.

கேள்வி: இன்ட்ரான் வெட்டப்படாமல் தங்குவதை எப்படிப் பதிவது? அதற்குச் சந்தியே கிடையாதே.

பதில்: கிடையாது. எக்ஸான்–இன்ட்ரான் எல்லை இரண்டையும் தாண்டும் ரீடுகளைத் தனியாக எண்ண வேண்டும், இன்ட்ரானின் உடல் முழுக்க ரீடுகள் பரவியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் குவிந்தால் அங்கே ஒரு சிறு ஆர்என்ஏ மரபணுவோ பதிவாகாத எக்ஸானோ இருக்கும். ரைபோசோம் நீக்க நூலகத்தில் இன்னும் வெட்டி முடியாத இளம் ஆர்என்ஏவும் சேர்ந்து வரும். பாலி-ஏ நூலகத்தோடு அதை ஒரே வரைபடத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: "நிகழ்வு" அட்டவணையில் ஒரே எக்ஸான் விடுபாடு நான்கு வரிகளில் வருகிறது. சரியா?

பதில்: முந்தைய எக்ஸானுக்கு இரண்டு முடிவுகளும் பிந்தையதற்கு இரண்டு தொடக்கங்களும் இருந்தால் நாலு வரி வரும். ஆர்மேட்ஸ், சுப்பா2 போன்ற மென்பொருள்கள் பக்கத்து எக்ஸான்களின் எல்லைகளையும் பெயரில் சேர்ப்பதால் இப்படி. நடு எக்ஸானின் எல்லையை மட்டும் வைத்து ஒரு குடும்ப எண் கொடுத்து நான்கையும் அதன் கீழ் கட்டுங்கள். சிக்கலான மரபணுக்களில் இதுவும் போதாது. பழ ஈயின் டிஸ்காம் மரபணுவில் நாலு இடங்களில் 12, 48, 33, 2 என்று மாற்று எக்ஸான்கள், ஒவ்வோர் இடத்திலும் ஒன்று மட்டும் தேர்வாகும், பெருக்கினால் 38,016. அங்கே இரண்டிரண்டாக நிகழ்வு எழுத உட்கார்ந்தால் விடியாது. ஒரே முனையைப் பகிரும் இன்ட்ரான்களைக் கொத்தாகச் சேர்க்கும் லீஃப்கட்டர் மென்பொருளின் வழியே அதற்குப் பொருத்தம். சந்தி அட்டவணை கையில் இருந்தால் அந்தக் கொத்தை ஒரு வினவலில் எடுத்துவிடலாம்.

கேள்வி: 1,000 மாதிரிகள். சாதாரணக் கணினி தாங்குமா?

பதில்: தாங்கும், எண்ணிக்கை அட்டவணையைக் கவனித்துக் கட்டினால். மாதிரிக்கு 2 லட்சம் சந்தி என்று வைத்தால் 20 கோடி வரிகள். ஒவ்வொன்றிலும் மூன்று 4-பைட் எண்கள், அதாவது 12 பைட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் தன் தலைப்பாக 24 பைட்டும் சுட்டியாக 4 பைட்டும் எடுத்துக்கொள்ளும். சரக்கைவிட மூட்டை கனம். நிரப்பலும் சேர்ந்து 9 ஜிபி அளவுக்குப் போகும், குறியீட்டு அட்டவணை தனி.

மாற்று வழி: சந்திக்கு ஒரே வரி, அதில் "மாதிரி எண்:எண்ணிக்கை" இணைகளைக் கோர்த்து ஒரே புலத்தில் வைப்பது. ஸ்னாப்ட்ரான் என்ற சந்தித் தேடல் தளம் இப்படித்தான் செய்கிறது. ஏற்றியபின் மாறாத தரவுக்கு இது மிகப் பொருத்தம். பூஜ்யங்களை எந்த வழியிலும் சேமிக்க வேண்டாம். இட வாரியாகத் தேடத் தொடக்கம், முடிவு இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு போட்டால் வேகம் வராது. எஸ்கியூலைட்டில் ஆர்-மரம், போஸ்ட்கிரெஸில் வீச்சு வகையும் ஜிஸ்ட் குறியீடும் இதற்கென்றே இருக்கின்றன.

கேள்வி: நீள ரீடு எந்திரம் வந்தபின் இதெல்லாம் தேவையா?

பதில்: நீள ரீடு ஒரு முழு ஆர்என்ஏவைக் காட்டுவதால், தொலைவில் உள்ள இரு தேர்வுகள் சேர்ந்து நடக்கின்றனவா என்பது தெரியும். குட்டை ரீடால் அது ஆகாது. ஆனால் எண்ணிக்கையில் குட்டை ரீடின் ஆழம் இன்னும் மலிவு. நீள ரீடுக்கென்று தனிப் பொய்களும் உண்டு. படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி-வால் தொடக்கி ஆர்என்ஏவின் உண்மையான ஏ-வாலில் ஒட்டாமல் நடுவில் ஏ நிறைந்த இடத்தில் ஒட்டிவிட்டால் பாதி ஆர்என்ஏ முழுதாக வேடம் போடும். முடிவிடத்துக்கு அடுத்த 20 ஜீனோம் எழுத்துகளில் ஏ மிகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்குவான்டி மென்பொருள் இதைக் கணக்கிட்டுத் தரும். 5' முனை தேய்ந்த துண்டுகளைப் புது வடிவம் என்று எண்ணிவிடவும் கூடாது. நீள ரீடுகளையும் சந்திகளாக உடைத்து அதே அட்டவணையில் ஏற்றி, சந்திச் சங்கிலியை மட்டும் தனி அட்டவணையில் வைப்பது நல்ல ஏற்பாடு.

கேள்வி: மரபணுப் பட்டியலில் "1-மார்ச்" என்று தேதிகள் வருகின்றன!

பதில்: எக்செல் வழியாக வந்த கோப்பு. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக்கிவிடும். இதற்காகவே 2020-இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவிட்டார்கள். பழைய கோப்புகளில் நோய் அப்படியே இருக்கிறது. என்செம்பிள் தரவுத்தளம் தரும் மரபணு எண்ணைத் திறவுகோலாக வையுங்கள், பெயர் வெறும் காட்சிக்கு.

கேள்வி: விடுபட்ட எக்ஸானின் நீளம் 3-ஆல் வகுபடவில்லை. புரதம் என்னவாகும்?

பதில்: நம் கற்பனை எக்ஸான் 90 எழுத்து; விடுபட்டால் 30 அமினோ அமிலம் குறையும், மற்றது பெரும்பாலும் மாறாது. 91 என்றால் படிப்புச் சட்டகம் நகர்ந்து, சீக்கிரமே ஒரு நிறுத்தக் குறி வரும். அது கடைசிச் சந்திக்கு 50–55 எழுத்துக்கும் மேல் முன்னால் இருந்தால் செல் அந்த ஆர்என்ஏவைப் பெரும்பாலும் சிதைத்துவிடும். ஆக நீங்கள் எண்ணுவது உற்பத்தியை அல்ல, சிதைந்ததுபோக மிஞ்சியதை. நிறுத்தக் குறிக்கும் கடைசிச் சந்திக்கும் உள்ள தூரத்தை ஒரு பத்தியாக வையுங்கள்.

கேள்வி: தரவுத்தளம் 0.67 என்கிறது, ஆய்வகத்தில் பிசிஆர் செய்தால் 0.5 வருகிறது. எதை நம்ப?

பதில்: முதலில் பிசிஆரைச் சோதியுங்கள். முதல் எக்ஸானிலும் மூன்றாவதிலும் தொடக்கி வைத்து, சேர்ந்தால் 290, விடுபட்டால் 200 எழுத்து வரும்படி அமைத்திருப்பீர்கள். குட்டைத் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் சற்று அதிகம் பெருகும். 35 சுற்று ஓட்டினால் அந்தச் சற்று பெரிதாகிவிடும். 25-இலிருந்து 28-க்குள் நிறுத்துங்கள், வளர்ச்சி தட்டையாகும் முன். எதிர்ப்பக்கப் பிழையும் ஒன்று உண்டு: சாயத்தின் பிரகாசம் மூலக்கூறு எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல, நீளத்தையும் பொறுத்தது. சம எண்ணிக்கை இருந்தாலும் 290 பட்டை 200 பட்டையைவிட 1.45 மடங்கு ஒளிரும். பிரகாசத்தை நீளத்தால் வகுத்த பிறகே விகிதம் போடுங்கள். ஒளிரும் தொடக்கி வைத்து நுண்குழாய் எந்திரத்தில் ஓட்டினால் இந்தத் திருத்தம் வேண்டாம், ஒரு துண்டுக்கு ஒரு சாயம்தான்.

இரண்டு பட்டைக்கு நடுவே அல்லது மேலே மூன்றாவதாக மங்கலாக ஒன்று தெரிந்தால் புது வடிவம் கிடைத்தது என்று தரவுத்தளத்தில் ஏற்றிவிடாதீர்கள். நீளமான இழையும் குட்டை இழையும் கடைசிச் சுற்றுகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கலப்பு இணையாக இருக்கலாம். நடுவில் 90 எழுத்து வளையமாகப் புடைத்து நிற்பதால் அது ஜெல்லில் இடக்குப் பண்ணும். புதுத் தொடக்கி சேர்த்து ஒரே ஒரு சுற்று கூடுதலாக ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கலப்பு இணை என்றால் அந்தப் பட்டை மறைந்துவிடும்.